செவ்வாயைப் பார்த்திருக்கிறீர்களா?

கிரேக்க நாட்டில் தேல்ஸ் என்று ஒரு ஞானி இருந்தார். 2,600 வருஷத்துக்கு முந்தைய ஆசாமி. ஒரு ராத்திரி வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நடந்து போய் ஒரு கிணற்றில் விழுந்துவிட்டாராம். பக்கத்தில் நின்ற வேலைக்காரப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாளாம். காலடியில் இருப்பது தெரியாதவருக்கு ஆகாசத்தில் இருப்பது எதற்கு என்று. இதை பிளேட்டோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நம் தெருக்களில் இதற்குக் கிணறே தேவையில்லை. கேபிளுக்கு ஒரு பள்ளம். குடிதண்ணீருக்கு ஒரு பள்ளம். இரண்டையும் யார் மூடுவது என்று பேச்சுவார்த்தை நடக்கும்போது மூன்றாவதாக ஒரு பள்ளம். ஆகவே வான சாஸ்திரத்தின் முதல் விதி: பார்க்கும்போது நடக்காதீர்கள். மொட்டை மாடிக்குப் போய் ஓரிடத்தில் நில்லுங்கள். கைப்பிடிச் சுவர் உள்ள மாடியாக இருந்தால் உத்தமம்.

இரண்டாவது விதியைப் போகப் போகச் சொல்கிறேன்.

★

நான் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் சேர்ந்தது 1985-ல். வானவியல் அதில் ஒரு சின்னப் பகுதி. பேராசிரியர் நல்ல மனிதர். கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போடுவார். அதைச் சாய்வாக வெட்டிக் கொண்டு இன்னொரு வட்டம். இது வான நடுவரை, இது சூரியன் போகும் பாதை, நடுவில் 23½ டிகிரி, எழுதிக் கொள்ளுங்கள் என்பார். எழுதிக் கொண்டோம். நேரம் பகல் பதினொன்று. ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். ராத்திரி எட்டு மணிக்குப் பாடம் நடத்த டைம்டேபிளில் இடமில்லை. நீச்சலைத் தபால் மூலம் கற்றுக் கொண்ட மாதிரி, ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்காமல் நட்சத்திரங்களைப் பற்றிப் பரீட்சை எழுதினோம். பாஸும் ஆனோம்.

1986 மார்ச்சில் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. சுமார் 76 வருஷத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. பத்திரிகைகளில் வானத்தையே பெருக்குகிற துடைப்பம் போல் படம் போட்டிருந்தார்கள். எங்கள் விடுதியில் பதினாலு பேர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, போர்வை போர்த்திக் கொண்டு மாடிக்குப் போனோம். தென்கிழக்கில் அரை மணி தேடியபின் அகப்பட்டது. கிழிந்த தலையணையிலிருந்து ஒரு துளி பஞ்சு பறந்து ஆகாசத்தில் ஒட்டிக் கொண்ட மாதிரி!

“இதுக்குத்தானாடா எழுப்பினே?”

பன்னிரண்டு பேர் தூங்கப் போய்விட்டார்கள். மிச்சம் நானும் என் ரூம்மேட்டும். அவனும் போயிருப்பான். ஆனால் தெற்கே எதையோ பார்த்துக் கொண்டு நின்றான்.

“அது என்னடா, கொக்கி மாதிரி?”

விருச்சிகம். தேள். கொடுக்கு, வளைந்த வால், நடுவில் சிவப்பாகக் கேட்டை நட்சத்திரம் எல்லாம் அப்படியே இருந்தது. பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை.

“விருச்சிகமா? என் ராசிடா அது!” என்றான். பத்தொன்பது வருஷமாக வாரபலனில் படித்துக் கொண்டிருந்த ராசியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தான். கிட்டத்தட்ட கும்பிடுகிற நிலையில் நின்றான். அவனுடைய வானவியல் அன்று ஆரம்பித்தது. என்னுடையதும்.

(ஹாலியை விட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். 2023 டிசம்பரில் நெப்டியூனையும் தாண்டி உள்ள தன் கடைசி எல்லையைத் தொட்டு, யூ டர்ன் அடித்துத் திரும்பி வந்து கொண்டிருக்கிறது. 2061-ல் வரும். இந்தப் பத்தியைப் படிக்கிற பல பேருக்கு அது ரிடையர்மென்ட் வருஷம். பி.எஃப். பணத்தில் ஒரு பைனாகுலர் வாங்கி விடலாம்.)

★

டெலஸ்கோப் வாங்க வசதி இல்லை. எங்களிடம் இருந்த கருவிகள் மூன்று.

முதலாவது கை. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கொண்டு முஷ்டியைப் பார்த்தால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. சுண்டு விரல் நகம் 1 டிகிரி. பௌர்ணமி நிலா அரை டிகிரிதான். சுண்டு விரலால் அதை முழுசாக மறைத்து விடலாம். நம்பிக்கை இல்லாதவர்கள் அடுத்த பௌர்ணமிக்குச் செய்து பார்க்கலாம். உயரமானவருக்குக் கையும் நீளம், முஷ்டியும் பெரிசு. அதனால் எல்லோருக்கும் கணக்கு ஒன்றுதான்.

இரண்டாவது, முகப்பில் சிவப்பு ஜிகினாத் தாள் ஒட்டிய டார்ச். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகிறது. வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது. இன்னொரு தந்திரமும் உண்டு. மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரத்தில் தெரியும். கண்ணின் நடுவைவிட ஓரங்களுக்கு மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும் சக்தி அதிகம். இந்த ஓரக்கண் பார்வைக்கு எங்கள் விடுதியில் யாருக்கும் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

மூன்றாவது, நாற்பது பக்க நோட்டு. இதுதான் முக்கியம். பார்த்ததை எழுதி வைக்காதவன் வானத்தை ரசிக்கிறவன். எழுதி வைக்கிறவன்தான் வானவியல் மாணவன். அதில் போட்ட முதல் பரிசோதனை இது.

விடுதிச் சமையற்கட்டுப் புகைபோக்கி மாடியிலிருந்து மேற்கே தெரியும். மாடியில் ஒரு இடத்தில் சாக்பீஸால் கால்தடம் வரைந்து, அதிலேயே நின்று பார்த்தோம். ஆகஸ்ட் மாதம். சுவாதி நட்சத்திரம் (ஆரஞ்சு நிறம், அடையாளம் சுலபம்) புகைபோக்கிக்குப் பின்னால் மறைந்தபோது என் எச்.எம்.டி.யில் மணி 8.40. மறுநாள் 8.36-க்கே மறைந்துவிட்டது. மூன்றாம் நாள் மேகம். நாலாம் நாள் 8.28.

தினம் நாலு நிமிஷம் சீக்கிரம்! புகைபோக்கி நகரவில்லை. கடிகாரம் ரேடியோவுடன் சரியாக இருந்தது. அப்போது நகர்ந்தது யார்?

நாம்தான். பூமி சூரியனைச் சுற்றுகிறது அல்லவா? ஒரு நாளில் சுமார் ஒரு டிகிரி நகர்ந்து விடுகிறது. அதனால் மறுபடி சூரியனுக்கு நேராக முகம் காட்ட, ஒரு முழுச் சுற்றுக்கு மேல் இன்னும் ஒரு டிகிரி திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்கு ஆகிற நேரம்தான் அந்த நாலு நிமிஷம். பூமி உண்மையில் ஒரு சுற்று சுற்ற எடுத்துக் கொள்வது 23 மணி 56 நிமிஷம் 4 விநாடி. வருஷத்துக்கு 365 நாள்; சுற்றுவது என்னவோ 366 தடவை. இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் புரிந்தது புகைபோக்கியில்தான்.

ஆபீஸ் போகிறவர்கள் கவனிக்க: நட்சத்திரங்கள் தினம் நாலு நிமிஷம் முன்னதாகவே டியூட்டிக்கு வந்து விடுகின்றன. இந்தத் தகவல் உங்கள் மேனேஜர் காதுக்குப் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

★

நம் ஊரில் ஒரு வேடிக்கை. யாரைக் கேட்டாலும் தன் நட்சத்திரம் என்னவென்று உடனே சொல்லி விடுவார். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ‘எங்கே, காட்டுங்கள்’ என்றால் முழிப்பார். முப்பது வருஷமாக ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கொண்டு, முகத்தைப் பார்க்காத காதலன் மாதிரி.

எல்லாம் மேலேதான் இருக்கின்றன. ரோகிணி ரிஷபத்தின் சிவப்புக் கண். திருவாதிரை அதற்குக் கிழக்கே, மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அந்த வேட்டைக்காரனின் தோளில். கார்த்திகை ஒரு சின்னக் கொத்து. நல்ல கண்ணுக்கு ஆறு தெரியும். மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் ஐந்தும் பட்டணத்து வெளிச்சத்திலும் தப்பிப் பிழைக்கிற ஆசாமிகள்.

நிலா தினம் 13 டிகிரி சொச்சம் கிழக்கே நகர்கிறது. ஒரு முஷ்டியும் மூன்று விரலும். அந்தக் கணக்கில்தான் வானத்தை 27 துண்டு போட்டார்கள். 27 மனைவிகள், தினம் ஒரு வீடு. உங்கள் ஜென்ம நட்சத்திரம் என்பது நீங்கள் பிறந்த அன்று நிலா தங்கியிருந்த வீடு, அவ்வளவுதான். கார்த்திகை தீபத்தன்று மாடிக்குப் போய்ப் பாருங்கள். அண்ணாமலையில் தீபம் ஏற்றுகிற ராத்திரி, முழு நிலா கார்த்திகைக் கொத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இந்தக் காலண்டரைப் போட்டவர்கள் மாடியில் நின்றவர்கள். அவர்களுக்கு மாடி இல்லாவிட்டாலும் வரப்பாவது இருந்திருக்கும்.

பார்ப்பது எப்போது நின்று போயிற்று என்பதற்கு நம் கல்யாணங்களே சாட்சி. காலை ஒன்பது மணிக்குச் சாஸ்திரிகள் மாப்பிள்ளை, பெண் இருவரையும் மண்டபத்துக்கு வெளியே அழைத்து வந்து, எதிரே உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே கையைக் காட்டி, “அருந்ததி பார்த்துக்கோங்கோ” என்பார். இருவரும் தலையாட்டுவார்கள். தாம்பத்தியத்தின் முதல் கூட்டுப் பொய்! ராத்திரியில் பார்த்தால் அருந்ததி நிஜமாகவே அழகு. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. நிலாவின் அகலத்தில் பாதிகூட இடைவெளி கிடையாது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை சாயங்கால வடக்கு வானத்தில் தேடலாம். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம்.

★

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

1988. எம்.எஸ்ஸி. முதல் வருஷம், அதே விடுதி, அதே ரூம்மேட். அந்த வருஷம் செவ்வாய் பூமிக்கு ரொம்பக் கிட்டே வந்தது. செப்டம்பரில் ஆறு கோடி கிலோமீட்டருக்கும் குறைவு. மாலையில் கிழக்கே சிவப்பாக எழும்போது விடுதிச் சமையல்காரர்கூட என்ன அது என்று கேட்டார்.

ரூம்மேட் கிராஃப் தாளில் அதன் இடத்தைக் குறிக்க ஆரம்பித்தான். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து வானத்தில் ஒரு பெரிய சதுரம் போடும். அதற்குத் தெற்கே செவ்வாய். சதுரத்திலிருந்து எத்தனை முஷ்டி, எத்தனை விரல் என்று தினம் ஒரு புள்ளி. ஜூலையில் கிழக்கே போய்க் கொண்டிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் நின்றது. செப்டம்பரில் மேற்கே திரும்பி நடக்க ஆரம்பித்தது. அக்டோபர் கடைசியில் மறுபடி நின்று, மழை மேகங்களுக்கு இடையே மறுபடி கிழக்கே. மொத்தம் ஒரு முஷ்டியும் ஒரு விரலும் பின்வாங்கியிருந்தது.

ஜோசியர்கள் ‘வக்ரம்’ என்று சொல்வது இதைத்தான். கிரகம் ஒன்றும் கோபித்துக் கொண்டு திரும்பவில்லை. நீங்கள் எக்ஸ்பிரஸில் போகிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் ஒரு பாசஞ்சர் போகிறது. அதை நீங்கள் முந்தும்போது, தூரத்துப் பனைமரங்களை வைத்துப் பார்த்தால் பாசஞ்சர் பின்னால் போகிற மாதிரித் தெரியும். பூமி எக்ஸ்பிரஸ், சூரியனைச் சுற்ற 365 நாள். செவ்வாய் பாசஞ்சர், 687 நாள். இரண்டு வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாம் அதை முந்துகிறோம். பனைமரங்கள்தான் நட்சத்திரங்கள்.

இந்தக் கிராஃப் பாதி வளர்ந்திருந்த செப்டம்பரில் அவனுக்கு ஊரிலிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. அக்காவுக்கு வந்த வரன் தட்டிப் போய்விட்டது. பொருத்தம் எல்லாம் பிரமாதம். ஆனால் பெண்ணுக்கு ஏழில் செவ்வாய். தோஷம். வேண்டாமாம். அது மூன்றாவது வரன். அக்காவுக்கு வயசு 23, பி.எட். முடித்தவர். அப்பா லெட்டரில் கடைசி வரியாக, அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு அவன் மாடிக்கு வந்தான். நோட்டைத் திறக்கவில்லை. செவ்வாயையே பார்த்துக் கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்து, “ஏழில்னா என்னடா?” என்றான்.

நாங்கள் ஒரு பஞ்சாங்கத்தையும் அவன் அக்கா ஜாதகத்தையும் வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது. ஜாதகக் கட்டம் ஒன்றும் மர்மம் இல்லை. பிறந்த நிமிஷத்து ஆகாசத்தின் படம் அது. கிழக்கே அடிவானத்தில் எழுந்து கொண்டிருக்கும் ராசி லக்னம், ஒன்றாம் வீடு. மேற்கே மறைந்து கொண்டிருப்பது ஏழாம் வீடு. பத்து தலைக்கு மேலே, நாலு காலுக்குக் கீழே. ஏழில் செவ்வாய் என்றால், அக்கா பிறந்தபோது செவ்வாய் மேற்கே அஸ்தமித்துக் கொண்டிருந்தது என்று அர்த்தம். முடிந்தது கதை.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கே மாடிக்குப் போய்விட்டோம். செவ்வாய் மேற்கே சரிந்திருந்தது. அப்போது எட்டாம் வீடு. ஆறு மணிக்கு அது அடிவானத்தைத் தொட்டபோது ஏழாம் வீடு. வெளிச்சம் வந்துவிட்டது. எட்டு மணிக்கு அது அடிவானத்துக்குக் கீழே, ஆறாம் வீட்டில்.

தமிழ்நாட்டில் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பார்கள். அதாவது அன்றைக்கு நாலு மணிக்குப் பிறந்த குழந்தைக்குத் தோஷம். ஆறு மணிக் குழந்தைக்கும் தோஷம். எட்டு மணிக்குப் பிறந்தது தப்பித்தது. இந்த நாலு மணி நேரத்தில் செவ்வாய் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அதே ராசியில், அதே இடத்தில் இருந்தது. சுற்றியது பூமி. சுவாதியைப் புகைபோக்கிக்குப் பின்னால் தள்ளிய அதே சுற்று.

“ரெண்டு மணி நேரம் லேட்டாப் பொறந்திருந்தா...” என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் கீழே இறங்கிப் போய்விட்டான்.

அவன் போனபின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு வீடுகளில் ஐந்தில் தோஷம். ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் பிறக்கும் நூறு குழந்தைகளில் சுமார் 42 பேர் அவுட். சில ஜோசியர்கள் லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் எண்ணுவார்கள். மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று தோராயமாக வைத்துக் கொண்டால், தப்பிக்கிறவர்கள் 7/12 × 7/12 × 7/12. நூற்றுக்கு 20 பேர்! பாக்கி 80 பேருக்கும் தோஷம். இதனால்தான் விதிவிலக்குகள் என்று ஒரு நீண்ட பட்டியலும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அது மட்டும் இல்லாவிட்டால் கல்யாண மண்டபங்களை எல்லாம் கோடவுனாக வாடகைக்கு விட வேண்டியதுதான்.

★

1989 பொங்கலுக்கு அவனோடு முசிறிப் பக்கம் அவன் கிராமத்துக்குப் போயிருந்தேன். கிராஃப் தாளைச் சுருட்டி எடுத்து வந்திருந்தான். அப்பாவிடம் விளக்கிப் பார்த்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்ப்பா. எனக்குப் புரிஞ்சு என்ன பிரயோஜனம்? மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கில்ல புரியணும்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நியாயம்தானே?

அக்கா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் எல்லாம் கவிழ்த்தபின், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக் கொண்டே கிணற்றடிக்கு வந்தார்.

“தம்பி, அது எது? காட்டு.”

உச்சிக்குக் கொஞ்சம் மேற்கே இருந்தது. செப்டம்பரில் இருந்த ஜொலிப்பு போய்விட்டது. பூமியிலிருந்து பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு மேல் விலகிவிட்ட ஒரு ஆரஞ்சுப் புள்ளி. அக்கா கழுத்து வலிக்கும்வரை பார்த்தார்.

“இத்தினியூண்டா?”

அப்புறம் மெதுவாகச் சிரித்தார். “அங்கேர்ந்துகிட்டு மூணு வீட்டுல போய்ப் பேசிட்டு வந்திருக்குதே!”

1991-ல் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கும் செவ்வாய் தோஷம். இரண்டு தோஷம் சேர்ந்தால் கேன்சல். அல்ஜீப்ராவில் மைனஸ் இன்டு மைனஸ் மாதிரி. எங்கள் கிராஃப் தாளால் ஒரு ஜாதகம்கூடத் திருந்தவில்லை. ஆனால் அக்கா முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் டீச்சராக இருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒரு பாடம் ராத்திரி ஏழு மணிக்கு, பள்ளி மைதானத்தில். அப்பா அம்மாக்களும் கூட வந்து நிற்பார்களாம். செவ்வாய் இருக்கும் வருஷங்களில் அதைத்தான் முதலில் காட்டுவாராம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு.

★

பஞ்சாங்கத்தையே பார்வையால் திருத்தப் பார்த்த ஒரு மனிதர் சென்னையில் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய சென்னை வான ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். 1867 ஜனவரியில் தென் வானத்தில் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானவியல் கழகத்தின் ஃபெலோ ஆனார்.

அவர் சொன்னது இதுதான்: பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் இடத்தில் கிரகம் வானத்தில் இல்லை என்றால், திருத்த வேண்டியது பஞ்சாங்கத்தை. அந்தக் கொள்கையில் பஞ்சாங்கமும் போட்டார். ‘திருக்கணிதம்’ என்பதில் உள்ள திரு, ஸ்ரீ அல்ல. த்ருக். பார்வை. கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப் போகும் கணிதம் என்று அர்த்தம்.

பழைய சூத்திரங்களை வைத்துப் போடுவது வாக்கியப் பஞ்சாங்கம். இரண்டும் இன்றுவரை நம்மிடையே உண்டு. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம்! அந்தப் பதினோரு மாதமும் சனி என்னவோ வானத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. மாடிக்குப் போனவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஆகவே, வான சாஸ்திரத்தின் இரண்டாவது விதி: யார் என்ன சொன்னாலும், ‘நீங்க பார்த்தீங்களா?’ என்று கேளுங்கள். மரியாதையாக. ஜோசியரை மட்டுமில்லை, பேராசிரியரையும். என்னையும்.

★

‘ஸார், நான் இருக்கிறது சென்னையில். ராத்திரியில் தெரிவதெல்லாம் பக்கத்து அபார்ட்மென்டின் போர்டு விளக்குதான்’ என்கிறீர்களா? வாஸ்தவம். நல்ல இருட்டில் ஒரே சமயத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் நட்சத்திரம் தெரியும். நகரத்தில் நூறு தேறினால் அதிர்ஷ்டம். அதனால்தான் லடாக்கில் ஹான்லே பகுதியை 2022-ல் இருண்ட வானச் சரணாலயமாக அறிவித்தார்கள். புலிக்கு ஒரு சரணாலயம் மாதிரி இருட்டுக்கு ஒன்று.

ஆனால் கிரகங்களும் பிரகாசமான நட்சத்திரங்களும் சென்னையிலும் தெரியும். தொடக்கத்துக்கு அது போதும். 2019 கடைசியில் திருவாதிரை மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் வழக்கமான பிரகாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தன்னிலிருந்தே கக்கிய தூசியில் அது முகத்தை மறைத்துக் கொண்டது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்த மங்கல் எங்கள் அபார்ட்மென்ட் மாடியிலிருந்தே தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே திருவாதிரையைப் பழகி வைத்திருந்தவர்களுக்கு மட்டும். பழகிய முகம் வாடினால்தானே தெரியும்?

காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்குப் பெயர் தந்த வேணு பாப்பு 1949-ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தபோது ஹார்வர்டில் மாணவர்தான். போட்டோ தகட்டில், பழகிய வானத்தில் ஒரு பழகாத புள்ளி. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது ஃபோனில் ஆப் வந்துவிட்டது. வானத்துக்கு நேரே பிடித்தால் பெயர், தூரம், ஜாதகம் எல்லாம் சொல்கிறது. நல்ல சௌகரியம். ஒரு வேண்டுகோள்: முதலில் வானம், அப்புறம் ஆப். இல்லாவிட்டால் ஆறு அங்குலத் திரையில் நட்சத்திரம் பார்ப்பதற்காக மாடி ஏறினவராக ஆகி விடுவீர்கள்.

இந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். செலவு ஒன்றும் கிடையாது. சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போங்கள். சாக்பீஸால் கால்தடம் வரைந்து அதில் நில்லுங்கள். தண்ணீர் டேங்க் ஓரத்தில் மறையப் போகும் ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அது மறையும் நேரத்தை எழுதி வையுங்கள். ஏழு நாள் கழித்து அதே தடத்தில் நின்று மறுபடி எழுதுங்கள். 28 நிமிஷம் வித்தியாசம் வர வேண்டும்.

வராவிட்டால் அது நட்சத்திரம் அல்ல, கிரகம் அல்லது விமானம். அதுவும் இல்லையென்றால் உங்கள் வீட்டில் யாரோ சாக்பீஸ் தடத்தைக் கழுவி விட்டு வேறு இடத்தில் கோலம் போட்டிருக்கிறார்கள். விசாரியுங்கள்.